கோப்பு: நாற்பத்தொரு நிமிடம்

எனக்கு வருவது குரல் மட்டும்.
டொலீடோவில் ஒரு சமையலறையிலிருந்து பேசுகிறாள்
ரெனாட்டா சோப்சாக், முன்னாள் ராணுவம், எரிபொருள் பிரிவு.
மேல்முறையீட்டு நீதிபதி வாஷிங்டனில்.
நான் ஐடஹோவில்,
காதில் ஒரு கருவி, காலடியில் ஒரு மிதி.
மிதித்தால் பேசுவார்கள்,
எடுத்தால் வாயைப் பாதியில் திறந்தபடி நிற்பார்கள்.

எழுதக் கூடாதவை என்று ஒரு தாள் கொடுத்திருக்கிறார்கள்:
"ம்", "வந்து", செருமல், இருமல்,
நாற்காலி கிறீச்சிடுவது.
சொல்தான் சாட்சியம்.

பதினான்கு மாதம் இராக்கில்.
முகாமின் ஓரத்தில் ஒரு குழி.
அது அணைந்து அவள் பார்த்ததில்லை.
என்ன எரித்தார்கள்?
எல்லாம்.
எல்லாம் என்றால்?
டயர், பேட்டரி, கெட்டுப்போன இறைச்சி,
மருத்துவக் கூடாரத்து வாளிகள்,
ஒருமுறை ஒரு பியானோ.
யார் கொண்டுவந்தது என்று தெரியாது, ஐயா.
கம்பிகள் அறுபடும் சத்தம் மட்டும்
எங்கள் படுக்கை வரை வந்தது.

ஆஸ்துமா அங்கே பிடித்ததுதான்.
அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள், அதில் வழக்கில்லை.
வழக்கு எவ்வளவு என்பதில்:
முப்பது விழுக்காடா, அறுபதா.
வருடத்தில் மூன்று தடவையாவது
ஸ்டீராய்டு மாத்திரை தின்றிருந்தால் அறுபது.
சீட்டு இரண்டுக்குத்தான் இருக்கிறது.

மூன்றாவது?

பதினொரு விநாடி. குளிர்பெட்டியின் உறுமல்.

மூன்றாவது ஜனவரியில்.
கார்க் கதவின் கைப்பிடி வரை பனி,
ஆஸ்பத்திரி ஐம்பது மைல்.
அதே மாத்திரை வீட்டில் இருந்தது.

யாருக்கு எழுதித் தந்தது?

நாய்க்கு.

புட்டியின் மேல் ஒட்டியிருப்பதை வாசிக்கிறாள்:
கீல்பாசா சோப்சாக், வயது ஒன்பது, தோல் அரிப்பு,
உணவுடன் கொடுக்கவும்.
ஐந்து நாளும் உணவுடன்தான் தின்றேன், ஐயா.
அது விடிய விடியச் சொறிந்தது.
அந்த வாரம் நாங்கள் இரண்டு பேருமே தூங்கவில்லை.

அவளுக்காக வாதாட வந்த யார்ப்ரோ
தாள்களைப் புரட்டுகிறார்.
அந்தப் புட்டியைச் சான்றாகச் சேர்க்கலாமா என்கிறார்.
நீதிபதி, கோபமில்லாமல், களைப்பாக:
சீட்டு நாயின் பேரில் இருக்கிறதே.

நுரையீரல், என்று தொடங்கினாள்.

அவ்வளவுதான்.
வாக்கியம் அங்கேயே மாட்டிக்கொண்டது.
மேலே பத்தொன்பது விநாடி
தாளின்படி ஒன்றுமே நடக்கவில்லை.

மிதியிலிருந்து காலை எடுத்தேன்.
திரும்ப மிதித்தேன். எண்ணினேன்.
இருபத்திரண்டு.
ஏழாவதற்கும் எட்டாவதற்கும் நடுவில்
ஒரு மூடி கழன்று மேசையில் உருள்கிறது,
இன்ஹேலர் குலுங்குகிறது, சீறுகிறது, போதாமல் இன்னொரு சீறல்.
பதினைந்தாவதுக்குப் பிறகு
தரையில் நகங்கள், கழுத்துப்பட்டையின் சிறு தகடு
அவள் நாற்காலிக் காலில் இடிக்கிறது.
நாய் வந்திருக்கிறது.

அப்புறம் நீதிபதி
நாட்டுக்கு நீங்கள் ஆற்றிய சேவைக்கு நன்றி என்றார்.
இந்த நாடு இதை
மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்லும்;
ஒவ்வொரு தடவையும் முழுதாக எழுதுகிறேன்,
அது சொல் அல்லவா.
அவள் பதில் சொல்லவில்லை.
மூச்சை மிச்சம் பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.
எனக்கென்ன தெரியும்.

அடைப்புக்குறி போட்டேன்.
இருமல், இருபத்திரண்டு.
மூடி. இரண்டு சீறல். நகங்கள். தகடு.
விநாடிக் கணக்கோடு எழுதினேன்,
நாளைக்கு மேற்பார்வையாளர் சிவப்புக் கோடு போடலாம்,
பத்தொன்பது விநாடிக்கான காசையும் கழிக்கலாம்.

முப்பதா அறுபதா,
அந்தக் கடிதம் என் வீட்டுக்கு வராது.
அடுத்த கோப்பு திறந்தாயிற்று:
யாரோ ஒருவருடைய முழங்கால், இருபத்தெட்டு நிமிடம்.
பெயரைச் சொல்வதற்கு முன்
அந்த ஆள் ஒருமுறை செருமினார்.

எழுதினேன்.